கம்லாவில் எடுத்த பானை ஓடு

கொறற்றி மன்னாரில் பிறந்தவர். ஹனோவரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்திரண்டு வருசமாக வேலை. பிறர் ஊசியைக்கூடத் தொடமாட்டார் என்று பெயர். 2022இல் பங்குக் கோயில் ஆட்களோடு புனித நாட்டுக்குப் போனபோது அந்தப் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டார்.

கலிலேயாக் கடலுக்கு மேலே, ஒட்டகத் திமில் போன்ற மலையொன்றில், கம்லா என்ற பழைய யூத ஊர் இடிந்து கிடக்கிறது. செங்குத்தான சரிவில் படிக்கட்டுப்போல வீட்டுச் சுவர்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் வருசத்துக்கு முன் ரோமர் மதிலை உடைத்து நுழைய, ஓட வழியில்லாத சனம் பள்ளத்துக்குள் விழுந்து செத்ததாம். இதைச் சொன்ன வழிகாட்டி, ஒரு சின்னக் கல்லும் எடுக்கக்கூடாது என்றும் சொன்னார். கொறற்றிக்கு நன்றாக விளங்கியது. இருந்தும், சுவரோரம் கிடந்த ஒரு பானை ஓட்டில் யாரோ விரலால் அழுத்திய பள்ளத்தைக் கண்டதும் ஆசை வந்துவிட்டது. கைப்பைக்குள் போட்டார்.

திரும்பி வந்த ஞாயிறு, பூசை முடிந்து மண்டபத்தில் அதைக் காட்டினார். அவருடைய ஊர்க்காரரான சூசைதாசன் வாங்கிப் பார்த்தார்.

"ஆர் தந்தது அக்கா?"

"ஒருத்தரும் தரேல்லை. சும்மா கிடந்தது, எடுத்தனான்."

"எங்கடை வீட்டுக் கதவுநிலையளைக் கழட்டினவையும் இப்பிடித்தான் சொன்னவை" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

கொறற்றிக்கு முகம் எரிந்தது. யுத்தம் முடிந்து ஊருக்குப் போனபோது அவருடைய வீட்டிலும் நிலை இல்லை, யன்னல் இல்லை, கிணற்றுக் கப்பிகூட இல்லை. எடுத்தவர்களை றோட்டில் நின்று, அவர்கள் பிள்ளைகளையும் சேர்த்துத் திட்டியவர் அவர்.

மூன்று ஞாயிறு முழங்கால் நோ என்று பொய் சொல்லிப் பூசைக்குப் போகவில்லை. பிறகு மகள் லவினியாவிடம் கேட்டார்.

"அங்கை இருக்கிற தொல்பொருள் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதித் தா பிள்ளை."

"ஒருத்தரும் கேக்கேல்லையே அம்மா. பேசாமல் வச்சிருங்கோவன்."

"ஏலாது."

ஓடு கடிதத்தோடு அந்த அலுவலகத்துக்குத் தபாலில் போனது. இரண்டு மாதத்தில் பதில் வந்தது: நன்றி, ஆனால் எந்த வீட்டில், எந்தச் சுவரோரம் கிடந்தது? அது தெரிந்தால்தான் அந்த ஓட்டுக்கு ஒரு கதை உண்டு.

கொறற்றி கண்ணை மூடி யோசித்துப் பார்த்தார். வெயில், காய்ந்த புல், ஒரே மாதிரியான சுவர்கள்.

"தெரியாதெண்டு எழுது" என்றார், மகளின் முகத்தைப் பாராமல்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் எழுந்து நின்றார். "நான் அதைக் களவெடுத்தனான்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.