ஒஷாவாவில் கடைசி ஆட்டம்

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் மகனுக்கு அது இறுதி ஆண்டு. சீசன் முழுக்க அணி தோற்றது. அவனை ஒருநாளும் களத்தில் இறக்கவில்லை, ஓரத்து வாங்கிலேயே உட்கார்ந்திருந்தான். நான் மில்லிக்கன் வீட்டிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போனேன்.

ஒஷாவாவில் கடைசி ஆட்டம். அதிலும் தோல்வி உறுதியாகிவிட்டது. வெளியே பனி கொட்டியது. இனி என்ன இருக்கிறது என்று முன்னதாகவே எழுந்துபோய், கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி, ஹீற்றரைப் போட்டுக் காத்திருந்தேன்.

மகன் வந்து ஏறினான். தலையெல்லாம் வியர்வை.

"விளையாடினனியோ?"

"ஓம் அப்பா. கடைசி மினிற்றில கோச் இறக்கினவர். ஒரு பாஸ்கற் போட்டனான். உடனே உங்களைத்தான் திரும்பிப் பார்த்தனான்."

நான் ஹீற்றரை இன்னும் கூட்டினேன்.

"கார் நல்ல சூடா இருக்கு, தாங்க்ஸ் அப்பா," என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அத்தனை தோல்விக்கும் கூட இருந்தவன் நான். அந்த ஒரு பந்துக்கு மட்டும் இல்லை.