எங்கள் தமிழ் மேஜை

சாதனா வாயைத் திறந்தால் மூடமாட்டாள். கொல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் அலுவலக கேன்டீனில் ஜன்னலோர மேஜை ஒன்றைத் தமிழர்கள் நாங்கள் வளைத்துப் போட்டிருந்தோம். பன்னிரண்டரைக்கே டப்பாக்களைத் திறந்துவிடுவோம். மேனேஜர் நடப்பது, கிளையன்ட் போனில் கனைப்பது என்று எல்லாவற்றையும் அவள் நடித்துக்காட்டுவாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும். ஈரோட்டுப் பெண். இதுதான் முதல் வேலை.

வங்காளிகள் இரண்டு மணிக்குச் சாப்பிடுவார்கள். நாலு மணியானால் மொத்தமாக இறங்கிப்போய், வாசல் டீக்கடையில் மண் குவளையும் கையுமாக அரட்டை அடிப்பார்கள். கால்பந்து, மீன் விலை, எந்த கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எல்லாம் அங்கேதான். நாங்கள் அதை வெட்டிப்பேச்சு என்று நினைத்தோம். பெரிய மேதாவிகள் பாருங்கள்.

சாதனாவுக்குப் பக்கத்து வரிசையில் தீபக் என்ற சீனியர். ஆபீசுக்கே அவர் தீபக்தா, அதாவது தீபக் அண்ணன். எங்களுக்கு மட்டும் சார். போகும்போதெல்லாம் "சாதனா, டீ?" என்று கேட்பார். "நோ சார், வேலை இருக்கு சார்" என்று குனிந்துகொள்வாள். அதை மரியாதை என்று நினைத்தாள். நம் வீடுகளில் பெண்களை அப்படித்தானே பழக்கி அனுப்புகிறார்கள்!

நடுவில் ஒருநாள் புதியவர்களுக்கு 'நெட்வொர்க்கிங்' என்று பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். அன்று மாலையே லிங்க்ட்இன்னில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பினாள். நூற்றுக்கணக்கானவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதில் ஒருவரைக்கூட அவளுக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில் எங்கள் புராஜெக்டை மூடினார்கள். இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை தேடிக்கொள்ளச் சொன்னார்கள். கிடைக்காவிட்டால் சாதனா ஊருக்குப் போய் அப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார வேண்டும். அந்தக் கடையிலிருந்து தப்பிக்கத்தான் அவள் ராப்பகலாகப் படித்தாள்.

மேஜையில் மூத்தவர் ரங்கராஜன். அவரிடம் போய், "அண்ணா, எங்கயாச்சும் ரெஃபர் பண்ணுங்ணா" என்றாள்.

அவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "உனக்கு யாரையாவது தெரியுமான்னு நானே கேக்கலாம்னு இருந்தேன்மா."

அப்போதுதான் உறைத்தது. மேஜையிலிருந்த அத்தனை பேரும் ஒரே புராஜெக்ட். ஒருவரையொருவர்தான் எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் நாலு மணிக்கு, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனாள். தீபக்குக்கு வாயெல்லாம் பல். உடனே எங்களுக்கு டீ சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, நண்பருக்கு வங்காளத்தில் குரல் செய்தி அனுப்பினார். நல்ல மனிதர். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

"வேலையில கெட்டிக்காரப் பொண்ணு. ரொம்ப அமைதி. வாயே திறக்கமாட்டா" என்றார் அதில்.

டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "இடம் இருக்கு தீபக்தா. ஆனா நாள் முழுக்க கிளையன்ட்டோட பேசணும். வாய் திறக்காத பொண்ணை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? வேற யாராவது இருந்தா சொல்லு."

தீபக்கின் முகம் தொங்கிப்போனது. எனக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இவளா அமைதி? பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டா சார்!" என்று ஆங்கிலத்தில் கொட்டினேன். அவர் சிரித்தார். நான் கேலி செய்கிறேன் என்றே நினைத்துவிட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். கூட நின்றவர்களும் திரும்பினார்கள்.

பேசுடி, ஏதாவது பேசு என்று மனசுக்குள் கத்தினேன். அந்த மேனேஜர் நடையை ஒரு தடவை நடந்து காட்டினால்கூடப் போதும். அவள் உதடு அசைந்தது. முகம் சிவந்தது.

"ஓகே சார். தேங்க்யூ சார்" என்றாள்.

அது அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த மாதம் ஈரோட்டுக்கு ரயில் ஏறினாள்.