இரு பக்கமும் தண்ணீர்

கொட்டாம்பட்டி தாண்டியதும் பஸ் பஞ்சர். ஐப்பசி மழை விட்டிருக்கிறது. சாலையோரக் கண்மாய்க் கரையில் ஏறியவன் அப்படியே நின்றுவிடுகிறேன். இந்தப் பக்கம் கரை தளும்பத் தண்ணீர். அந்தப் பக்கம், தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, ஓட்டுக் கூரைகள். ஒரு வீட்டு முற்றத்தில் அடுப்பு புகைகிறது. தண்ணீருக்குக் கீழே ஓர் ஊர் இருப்பதை இன்றுதான் பார்க்கிறேன்.

கரைக்குக் காவலிருக்கும் வீரணன் டிரான்சிஸ்டரைத் தணிக்கிறார். “எந்த ஊருண்ணே, இம்புட்டுப் பயப்படுறீக?”

“ராமநாதபுரம் பக்கம். கடலுக்குள்ள நீண்டு கெடக்குற மணல்மேடு. ஒரு பக்கம் அலையடிக்கிற கடல். மறுபக்கம் அலையில்லாத குடா, எங்க வள்ளமெல்லாம் அங்கதான் நிக்கும்.”

அவர் முகம் வெளிறுகிறது. “ரெண்டு பக்கமும் தண்ணியா? கரை எங்கிட்டு உடைஞ்சுச்சு?”

“உடையலண்ணே. ஊரே அப்படித்தான்.”

“மண்ணப் போட்டு உசத்தலாம்ல?”

“எங்க மண்ணு நிக்காதுண்ணே. கடல் தள்ளத் தள்ளக் குடாப் பக்கமா நகரும். நாங்களும் வீட்டப் பிரிச்சுத் தள்ளிக் கட்டிக்குவோம். எங்க தாத்தா வெட்டின கெணறு இப்பக் கடலுக்குள்ள கெடக்கு.”

வீரணன் தாம் நிற்கும் கரையை வெறுங்காலால் ஓங்கி மிதித்துப் பார்க்கிறார்.