இன்ஜினோடு மேலே நின்றுபோனவர்

பிரேக்கு என்ற பெயரை அவள் முதன்முதலில் கேட்டது, சித்தப்பா கல்யாணப் பேச்சை எடுத்த அன்றுதான்.

“மாப்பிள்ளைக்குப் பேரு இல்லையா?” என்று கேட்டாள் அவள் அம்மா.

“பெத்தவங்க வெச்சது ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லிக் கூப்பிட்டா அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.”

மலையில் மரம் வெட்டிய கம்பெனி, கீழே போகும் பெரிய ரயில் பாதையிலிருந்து காட்டுக்குள் ஒரு கிளைப் பாதை போட்டிருந்தது. மரம் ஏற்றிய வண்டி சரிவில் இறங்கும்போது பெட்டிக்குப் பெட்டி தாவி பிரேக் சக்கரத்தை முறுக்குவது அவர் வேலை. உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி இருக்கும். கல்யாணமாகி, மகள் பிறந்து நடக்கப் பழகுவதற்குள் காடு மொட்டையாகிவிட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்து விற்கச் சொல்லிவிட்டார்கள்.

பெயர்க்கிறவர்கள் உச்சியில் ஆரம்பித்து, பெயர்த்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டே இறங்கி வர வேண்டும். அதுதான் முறை. ஆனால் மழை வந்தால் பாதை நடுவிலிருந்த ஆற்றுப் பாலம் போய்விடும் என்று பயந்த மேஸ்திரி, பாலத்துத் தண்டவாளத்தை முதலில் கழற்றிவிட்டார். இன்ஜின் இறங்கியாயிற்று என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார். அது மேலேயே இருந்தது.

“யோவ் மேஸ்திரி, இதை இடுப்புல தூக்கிட்டு வரணுமா?” என்று அக்கரையிலிருந்து பிரேக்கு கத்தினாராம். எல்லாரும் சிரித்தார்களாம். பாலம் அந்த மழைக்கும் அசையவில்லை, அடுத்த மழைக்கும் அசையவில்லை.

டிரைவர் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு அன்றே நடந்து இறங்கிவிட்டார். ஒரு வழி பிறக்கும்வரை காவல் இரு என்று பிரேக்கிடம் சொன்னது கம்பெனி. பிறகு கம்பெனியே மூடிக்கொண்டது. சம்பளம் நின்றது. அவர் இன்ஜின் நின்ற கொட்டகைப் பக்கத்தில் எதையோ பயிரிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார்.

அவள் ஏறிப் போய்க் கூப்பிட்டாள்.

“வீட்டுக்கு வாங்க. பிள்ளைக்கு உங்க முகமே மறந்துபோச்சு.”

“யாராவது வந்து கேட்டா?”

“யாரு வருவா? கேக்கறதுக்குக் கம்பெனியே இல்ல.”

“பொறுப்பை யார்கிட்டயாவது ஒப்படைக்கணும்ல.”

“இந்த இரும்புக்கா வாக்கப்பட்டீங்க?”

அவர் எண்ணெய்த் துணியால் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கொண்டுபோன சட்டைகளைக் கொடியில் போட்டுவிட்டு, கிழிந்தவற்றை மூட்டை கட்டிக்கொண்டு இறங்கினாள்.

மகள் கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பினாள். காவலுக்கு மாற்று ஆள் இல்லை என்று பதில் வந்தது. அவளுடைய சித்தப்பாதான் தகப்பன் இடத்தில் நின்றார். “அவர் எங்கே?” என்று கேட்டவர்களிடம் “டூட்டியில இருக்கார்” என்று சொல்லிவிட்டு, பந்தியைக் கவனிக்கப் போனாள்.

இப்போது அவள் மகள் வீட்டில், சமையலறைக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்கிறாள். அவர் மலைமேல், கொட்டகையில், இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.