கவசம் வேண்டாம் என்றாள்

என் மகளுக்கு ஏழு வயது. மூட்டுக் காய்ச்சல் வந்து இதயம் பலவீனமாகிவிட்டதால் ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாலையில் மயிலாப்பூரில் எங்கள் தெருக் குழந்தைகள் கண்ணாமூச்சி ஆடும்போது, அவள் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருப்பாள்.

அவளுக்காக நானே ஒரு விளையாட்டு உண்டாக்கினேன். ராட்சசனோடு சண்டைக்குப் போகும் இளவரசிக்குப் பத்துப் புளியங்கொட்டை. வாள், கவசம், மந்திரம், வேகம் என்று நான்கு கிண்ணங்கள். எதில் எத்தனை கொட்டை போடுகிறாளோ, இளவரசிக்கு அதில் அவ்வளவு பலம். நான்தான் ராட்சசன்.

ஒரு நாள் பத்தையும் வேகத்திலேயே போட்டாள்.

"கவசத்துக்கும் கொஞ்சம் போடுடி. ராட்சசன் ஒரே அடியில கொன்னுடுவான்."

"கொல்லட்டுமே. அதுவரைக்கும் ஓடிண்டே இருப்பாளோன்னோ!"

"ராட்சசன் தூங்கிப் போயிட்டான்" என்றேன்.

"அழுகுணி ஆட்டம் ஆடாதேம்மா. அவன் வந்தாச்சு. நீ துரத்து!"

கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சிரித்தபடி படுத்திருந்தாள். நான் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இன்றும் அவளிடம் "ஓடாதே" என்றுதான் சொல்கிறேன். அதுதான் சரி என்றும் தெரியும். ஆனால் சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை.