ஆட்சேபனை

அவர் குழாய் ரிப்பேர்காரர். ஆனால் எல்லோரும் கூப்பிடுவது 'ஆட்சேபனை' என்றுதான். பெயர் வந்தது சிநேகிதர் தையல்காரரின் கல்யாணத்தில். "இந்தத் திருமணத்துக்கு ஆட்சேபனை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம்" என்று போதகர் கேட்டதும், முதல் பெஞ்சிலிருந்த இவர் விருட்டென்று எழுந்து நின்றார். பெண்ணின் அப்பாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ஒண்ணுமில்லய்யா, பின்னால எங்கயோ குழாய் சொட்டுது."

கல்யாணம் நடந்தது. இவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார், குழாயையும் சரிபண்ணினார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மனைவி இறந்தபின் அவர் வீட்டில் பேச்சுத்துணை ரேடியோதான். அதுவும் தான் பேசுமே தவிர, இவர் சொல்வதைக் கேட்காது. அந்த வீட்டுக்கு ஒரு சாயங்காலம் தையல்காரர் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

"இனிமே இங்கதான். அவளோட இருக்க முடியாது."

"என்னாச்சு?"

"கஸ்டமர் முன்னாடியே, சட்டையில ஒரு கை குட்டைன்னு சொல்லிட்டா."

"குட்டையா?"

"குட்டைதான். அதுக்காகச் சொல்லிடுறதா?"

மறைப்பானேன், ஆட்சேபனைக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. காலிக் கட்டிலில் புது விரிப்புப் போட்டார். இரண்டு டீ போட்டார். குடிக்கும்முன் வழக்கம்போல் கண்ணை மூடினார். "ஆண்டவரே, இவனை எனக்குத் துணையா அனுப்பினதுக்கு..." என்று தொடங்கியவருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அனுப்பியது ஆண்டவர் இல்லை, சட்டைக் கை என்பது அவருக்கே தெரியும்.

எழுந்து பெட்டியைத் தூக்கினார்.

"எங்கடா?"

"உன் வீட்டுக்கு. எனக்கு ஆட்சேபனை இருக்கு."

"போதகர் கேட்டப்பவே சொல்லியிருக்கணும்."

"நீங்க சேர்ந்ததுல எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல. பிரியறதுலதான் இருக்கு. கடவுள் முன்னாடி சாட்சி சொன்னவன்டா நான். வெறும் பந்திக்கு வந்தவன் இல்ல."

"நீயெல்லாம் ஒரு சிநேகிதனா? இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்."

"முழிக்க வேணாம். நட."

வழியெல்லாம் தையல்காரர் பத்தடி பின்தங்கியே வந்தார். கதவைத் திறந்த மனைவியின் கையில் அந்தச் சட்டை இருந்தது.

"இன்னொரு கையையும் குட்டையாக்கிட்டேன்" என்றாள். "கேட்டா இதுதான் இப்ப ஃபேஷன்னு சொல்லிடுங்க. அண்ணே, நீங்களும் உள்ள வாங்க."

"இருக்கட்டும்மா."

தையல்காரர் சட்டையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் இரண்டு டீயும் ஆறிப்போயிருந்தன. ஆட்சேபனை அவற்றின் முன் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தை முடித்தார்.

"ஆண்டவரே, அவன் இங்கயே இருந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். ஆமென்."

பிறகு இரண்டையும் அவரே குடித்தார்.