லோஞ்ச் நிக்குதோ

நயினாதீவில் காலையில் வெளிக்கிடுகிற எவரும் துறையை நோக்கி ஓடியபடி எதிரில் வருபவரிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "லோஞ்ச் நிக்குதோ?" "நிக்குது" என்று பதில் வந்தால் போன உயிர் திரும்பி வரும். தீவிலிருந்து ஆட்களை ஏற்றிப் போகிற மோட்டார்ப் படகு இன்னும் விடவில்லை, துறையில்தான் இருக்கிறது என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காதால்தான் நான் கெட்டேன்.

அண்ணை நோர்வேக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. போன புதிதில் அங்கே யாரோ கழித்துவிட்ட பழைய வீட்டுக் கணினி ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அதைத் தொலைக்காட்சியில் கொளுவி, நிரலைக் கசெற்றிலிருந்து ஏற்றவேண்டும். அதற்கு ஒரு விளையாட்டை அவர் கொப்பியில் எழுதினார். எதிர்க்கரையான குறிகட்டுவானில் இருந்து ஒரு லோஞ்ச் புறப்பட்டு, அலைக்கும் மீன்வலைகளுக்கும் தப்பி, நயினாதீவுத் துறைக்கு வந்து சேரவேண்டும். பிறகு வேலை வந்தது, கலியாணம் வந்தது, விளையாட்டு கொப்பியிலேயே கிடந்தது. "அடுத்த வருஷம் கட்டாயம் வாறன்" என்று அவர் சொன்னதும் அப்படியே கிடந்தது.

போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை போயிற்று. பேச்சில் நாலைந்து சொற்கள்தான் மிஞ்சின. அண்ணையின் மனைவி, என் மச்சாள், கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் கோல் எடுத்தார். நானும் அவருக்கு மச்சாள்தான்.

"இதை அந்தப் பெட்டியில ஒருக்கா ஓடவிட்டுப் பாக்கவேணும் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறார், மச்சாள். உங்களுக்குத்தானே இந்த வேலை தெரியும்."

தெரியும்தான். ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவள் நான். நிரல் எழுத நான் பாவிக்கிற எடிற்றருக்கு, பழைய கணினிகளுக்கென்றே யாரோ புண்ணியவான் ஒரு நீட்சி செய்து வைத்திருந்தான். கொப்பியைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்தேன். ஓரிடத்தில் எட்டு எண்கள் இருந்தன. பக்கத்தில் பென்சிலால் "தங்கச்சி" என்று எழுதியிருந்தார். அந்த எண்களைப் புள்ளிகளாக்கிப் பார்த்தால், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை துறையில் நிற்கிறது. அவரை வழியனுப்பப் போய் நான் நின்ற இடம் அது. குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்துதான் மிச்சத்தை அடித்தேன்.

நீட்சியின் அமைப்புக் கோப்பில் வெளியீட்டு வடிவம் என்று ஒரு வரி உண்டு. நிரலை எந்த உருவில் கட்டித் தரவேண்டும் என்று அதில் சொல்லவேண்டும். நினைவகப் படம் என்று கொடுத்தால், என் மடிக்கணினிக்குள் இருக்கும் போலிப் பெட்டியில் உடனே ஓடும். கசெற் என்று கொடுத்தால், உண்மையான பெட்டிக்குக் கேட்கக் கொடுக்கும் கீச்சொலியாக வரும். இரண்டு கிழமை முதலாவதில் வைத்துத்தான் சோதித்தேன். வள்ளிசாக ஓடியது. பிறகு கசெற் என்று மாற்றி, கட்டி, திரும்ப ஒருதரம் ஓட்டிப் பார்க்காமலே அனுப்பினேன். கசெற்றுக்கு மட்டும் கீழே இன்னொரு வரி இருந்தது: ஏற்றி முடிந்ததும் தானாகத் தொடங்கவேண்டுமா? அதில் "இல்லை" என்றே கிடந்தது. வேலையில் மற்றவர்கள் இப்படி விட்டால் கிழி கிழியென்று கிழிப்பவள் நான்.

அன்று பின்னேரம் கோல் எடுத்தேன். காற்று நாள், படம் வரவில்லை, குரல் மட்டும்தான். மச்சாள் போனை அண்ணையின் காதில் வைத்தார்.

"நிக்குது" என்றார் அண்ணை.

"நிக்குதோ? லோஞ்ச் துறையில நிக்குதோ?"



"ஓம்... நிக்குது."

இடது கையாலேயே கரை சேர்த்துவிட்டார் என்று நினைத்து நான் துள்ளினேன். "பாத்தீங்களோ, உங்கட தங்கச்சி விடுவாளோ!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் அண்ணை செத்துப்போனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாட்களின் பின் மச்சாள் கோல் எடுத்தார்.

"ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டீங்களே? அண்டைக்கு அது ஓடேல்லை, மச்சாள். கோடு கோடாப் போய், கீழ ஏதோ எழுத்து வந்து, அப்பிடியே நிண்டுபோச்சு. மேல என்னத்தை அமத்துறதெண்டு எனக்கும் தெரியேல்லை, அவருக்கும் நினைவு வரேல்லை. அதைத்தான் அவர் நிக்குது எண்டவர். நீங்கள் சந்தோசப்பட்டவுடன, சொல்லவேண்டாம் எண்டு எனக்குக் கையைக் காட்டினவர். பிறகு அஞ்சு நாளும் அதுக்கு முன்னாலதான் இருந்தவர்."

நான் வாய் பொத்தி அழுதேன். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். "திரையில என்ன தெரியுது, அண்ணை?" என்று கேட்க எனக்கு வாய் இருந்ததுதானே. ஊர் முழுக்கப் பேசுகிற வாய்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போனேன். அந்த வரியில் "இல்லை" என்பதை "ஆம்" ஆக்கினேன். வேறொன்றும் மாற்ற இருக்கவில்லை. கட்டி அனுப்பிவிட்டு மச்சாளிடம் கெஞ்சினேன்: அந்தப் பெட்டியைக் கழற்றி வைக்கமுதல் ஒருக்கா, ஒரேயொருக்கா.

"லோஞ்ச் வெளிக்கிட்டுது!" என்றார் மச்சாள் போனில்.

அவர் தன் ஆயுளில் விளையாட்டுக் கணினியைத் தொட்டதில்லை. இரண்டு தரம் வலையில் சிக்கி, முதலிலிருந்து தொடங்கினார். நான் இங்கேயிருந்து இடம், வலம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் தரம் குரல் மாறியது.

"சேந்திட்டுது, மச்சாள். துறையில ஒரு பிள்ளை நிக்குது."

"ஓம்."

"இறங்க ஒருத்தரையும் காணேல்லையே. இன்னும் ஏதும் அமத்தவேணுமோ?"

கொப்பியின் கடைசிப் பக்கம் என் முன்னால் இருந்தது. லோஞ்ச் துறையைத் தொடுவதோடு அது முடிந்துவிடுகிறது.

"இல்லை, மச்சாள்" என்றேன். "இறங்கிறதை அண்ணை எழுதேல்லை."